பிளைட் டிஸ்பெச்சர் வேலை: ஆட்களை எப்படி எடுக்கிறார்கள், ஆரம்பச் சம்பளம் என்ன?

மேல்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது 22. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இப்போது கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே விமானத்துறையில் விருப்பம் உண்டு. விமானி ஆகும் அளவுக்குப் பணமில்லை என்பதால் அதை எப்போதோ விட்டுவிட்டேன்.

சில வாரங்களுக்கு முன் கொழும்பிலுள்ள தனியார் கல்வி நிறுவனம் ஒன்று ஆறு மாத "பிளைட் டிஸ்பெச்சர் டிப்ளோமா" பற்றி விளம்பரம் செய்திருந்தது. விசாரித்தபோது, படிப்பு முடிந்ததும் விமான நிறுவனங்களில் வேலை நிச்சயம் என்றும், ஆரம்பத்திலேயே நல்ல சம்பளம் என்றும் சொன்னார்கள். கட்டணத்தைச் செலுத்துவதென்றால் அப்பா 55 வயதில் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் கை வைக்க வேண்டும். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். 2024 இல் 1,350 ரூபாவாக உயர்ந்த நாட்சம்பளத்தில் அந்தக் கட்டணத்தை அடைக்க எத்தனை பேர் (நாள் வேலை) போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இதே வாரம் இன்னொரு விளம்பரமும் கண்டேன். அதிலும் வேலையின் பெயர் "பிளைட் டிஸ்பெச்சர்" தான். ஆனால் சாதாரண தரமும் ஆங்கில அறிவும் இருந்தால் போதும் என்றிருந்தது. ஒரே பெயருள்ள வேலைக்கு ஓரிடத்தில் டிப்ளோமாவும் மற்றோரிடத்தில் சாதாரண தரமும் கேட்பது ஏன்? முதலில் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டுத்தான் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? ஆரம்பச் சம்பளத்தை எப்படி மதிப்பிடுவது? இத்துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

---

ஐந்தரைமணி எழுதியது:

தங்கச்சி, நான் ஹட்டனைச் சேர்ந்தவன். கட்டுநாயக்கவில் பயிலுநராகத் தொடங்கி, இப்போது வளைகுடா நாடொன்றில் இதே வேலையைச் செய்கிறேன். சம்பளத்துக்கு வருமுன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கண்ட இரண்டு விளம்பரங்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் பற்றியவை.

ஒன்று, விமானம் தரையில் நிற்கும்போது நடக்கும் வேலை. பயணிகள் ஏறுவது, பொதிகள் ஏற்றப்படுவது, எரிபொருள் வண்டி வருவது, துப்புரவு முடிவது ஆகிய எல்லாவற்றையும் நேரத்துக்கு ஒருங்கிணைத்து, விமானத்தின் எடையையும் சமநிலையையும் காட்டும் தாளான லோட் ஷீட்டை விமானியிடம் கொடுத்துக் கதவை மூடச் செய்பவர் அதைச் செய்கிறார். பிரித்தானிய வழக்கில் இவரையே டிஸ்பெச்சர் என்பார்கள். நமது நாட்டிலும் தரைச் சேவை விளம்பரங்களில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். மரியாதையான வேலைதான், வெயிலிலும் மழையிலும் நின்று செய்வது.

மற்றது, விமானம் புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்பே அதன் பாதையையும் உயரத்தையும் எரிபொருளையும் மாற்று விமான நிலையத்தையும் தீர்மானித்துப் பறப்புத் திட்டம் தயாரித்து, அது தரையிறங்கும்வரை கண்காணிக்கும் வேலை. இக்காவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, தனது முதலாம் இணைப்பில் இந்த இரண்டாவது ஆளுக்கே அனுமதிப்பத்திர விதிகளை வகுத்திருக்கிறது. ஆகவே எந்த விளம்பரத்தைக் கண்டாலும், "உங்கள் டிஸ்பெச்சர் பறப்புத் திட்டம் தயாரிப்பவரா, லோட் ஷீட் கொண்டு போகிறவரா?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். சம்பளம், பொறுப்பு, வருங்காலம் எல்லாமே அந்தப் பதிலில்தான் பிரிகின்றன.

இனி அனுமதிப்பத்திரம். இக்காவோ விதிப்படி குறைந்தபட்ச வயது 21. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக விமானச் சேவையில் குறிப்பிட்ட அனுபவம் இருக்க வேண்டும். இவற்றோடு விளம்பரங்கள் வாய் திறக்காத ஒரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய ஆறு மாதங்களுக்குள், ஏற்கெனவே இப்பணியில் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 90 வேலை நாட்கள் பணியாற்றியிருக்க வேண்டும். அந்த 90 நாட்களை எந்த வகுப்பறையும் விற்க முடியாது. விமானங்களை இயக்கும் ஒரு நிறுவனத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். எனவே நமது நாட்டில் அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டு வேலை தேடுவது என்பதைவிட, பயிலுநராக வேலைக்குச் சேர்ந்து அனுமதிப்பத்திரம் பெறுவது என்பதே நடைமுறையாக இருக்கிறது. டிப்ளோமாவைக் கையில் வைத்திருப்பவர், அந்த 90 நாட்களுக்காக ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கதவைத் தட்டியே ஆக வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே உயர்தரம் மட்டும் படித்த நீங்களும் நிற்பீர்கள்.

பயிலுநர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சை, பிறகு நேர்முகப் பரீட்சை. எனக்கு வந்த கேள்வி ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. கட்டுநாயக்கவின் அதிகாலை வானிலை அறிக்கை ஒன்றை என் முன் வைத்தார்கள். காற்று இல்லை, வெப்பநிலை 24, பனிபடுநிலையும் 24. "இதைக் கண்டால் உமக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார்கள். வெப்பநிலையும் பனிபடுநிலையும் ஒன்றானால் காற்றிலுள்ள ஈரம் துளிகளாகத் தொடங்கும், காற்றும் அடிக்காவிட்டால் மூட்டம் கலையாது என்று நான் பாடப்புத்தகத்தை ஒப்புவிக்கவில்லை. ஐந்து மணிக்கு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாத காலைகளைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். அடுத்த கேள்வியில் அந்தச் சிரிப்பு நின்றது: அவ்வேளையில் வந்திறங்கவிருக்கும் விமானத்துக்கு எந்த மாற்று விமான நிலையத்தைக் குறிப்பீர்? மத்தள விமான நிலையம் 2013 இல் திறக்கப்படும்வரை, பெரிய விமானங்களுக்குக் கடல் தாண்டிச் சென்னை, திருவனந்தபுரம், மாலே என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு எரிபொருளைக் கூட்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய பதில்.

எரிபொருள் கணக்கையும் ஒரு முறை பாருங்கள், வேலை பிடிக்குமா என்று அதில் தெரிந்துவிடும். மேலதிகமாக ஏற்றும் எரிபொருளில் ஏறத்தாழ 3 சதவீதம், பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும் என்பது கைக்கணக்கு. நான்கு மணித்தியாலப் பறப்பில் "இருக்கட்டுமே" என்று 4 தொன்னைக் கூடுதலாக ஏற்றினால், அதில் 480 கிலோகிராம் அளவு இறங்குமுன்னரே போய்விடும். குறைத்து ஏற்றினாலோ, இறுதிச் சேமிப்பாக ஜெட் விமானத்துக்கு வைத்திருக்க வேண்டிய 30 நிமிட எரிபொருளில் யாரும் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாளுக்குப் பல தடவை முடிவெடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். 2022 இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட நீண்டதூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வோர் இறக்கத்துக்கும் பின்னால் புதிய பறப்புத் திட்டம், பணியாளர்களின் கடமை நேரக் கணக்கு, இறங்கும் எடைக் கணக்கு என்று யாரோ ஒருவர் இரவிரவாக விழித்திருந்தார்.

சம்பளம் பற்றி. தொகையைச் சொல்வதைவிட, தொகையை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் காணும் இலக்கம் வேறு, கையில் வருவது வேறு. எனது முதல் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம், மொத்தத் தொகையின் பாதியை விடச் சற்றுத்தான் அதிகம். மிச்சம் இரவுக் கடமைக் கொடுப்பனவு, போக்குவரத்துக் கொடுப்பனவு, மேலதிக நேரம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சம்பளச் சீட்டிலும் அதே கண்ணோடு பாருங்கள். சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம் போகும், தொழில்தருநர் 12 சதவீதம் போடுவார், நம்பிக்கை நிதியத்துக்கு அவர் மேலும் 3 சதவீதம் கொடுப்பார். மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக் கணக்கில் சேராது. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற பணிக்கொடையும் மேலதிக நேரத்தைப் பார்த்து வளராது. ஆகவே மொத்தத் தொகை சமமாக இருக்கும் இரண்டு வேலைகளில், அடிப்படைச் சம்பளம் கூடியதை எடுங்கள்.

பயிலுநர் காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் உதவித்தொகைதான். உங்களது தற்போதைய கணக்குப் பிரிவுச் சம்பளத்தைவிட அது குறைவாகவும் இருக்கலாம், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் ஏற்றம் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்போது வருகிறது. பல இடங்களில் அதற்கென்றே தனிக் கொடுப்பனவு உண்டு. இரண்டாவது ஏற்றம், தனியாக ஒரு ஷிப்டைப் பொறுப்பெடுக்கும்போது. மூன்றாவதுக்குத்தான் பலர் விமானம் ஏறுகிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் கத்தாரிலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வீட்டு வாடகை, மருத்துவம், வருடாந்தப் பயணச்சீட்டு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் அங்கு பேசுவார்கள். ஆனால் அவர்கள் கேட்பது டிப்ளோமாவை அல்ல. அனுமதிப்பத்திரத்தையும் சில வருட அனுபவத்தையும்தான் கேட்கிறார்கள்.

---

ரேம்ப்காரன் எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு நானே சாட்சி. நான்கு வருடங்களுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் இதே போன்ற டிப்ளோமா ஒன்றை முடித்தேன். அம்மாவின் நகையை வங்கியில் அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினோம். பாடங்களில் குறை சொல்ல மாட்டேன். வானிலை, வழிநடத்தல், விமானச் சட்டம், எடையும் சமநிலையும் எல்லாம் படித்தோம். பட்டமளிப்பு விழாவில் தொப்பியும் போட்டார்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு அனுமதிப்பத்திரத்துக்கு வழி கேட்டபோதுதான், நான் படித்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதே தவிர, இந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அங்கீகாரம் பெற்றதல்ல என்று தெரிந்தது. பதிவு என்பது வேறு, அங்கீகாரம் என்பது வேறு. விளம்பரத்தில் "அரச பதிவு பெற்றது" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், அதில் பொய்யில்லை. நான்தான் தவறாகப் படித்தேன்.

"வேலை நிச்சயம்" என்ற வாக்குறுதியையும் அவர்கள் தங்கள் பாணியில் நிறைவேற்றினார்கள். தரைச் சேவை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நேர்முகப் பரீட்சைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே என்னோடு நின்றவர்களில் பலர் சாதாரண தரத்தோடு வந்தவர்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரே ஆரம்பச் சம்பளம். இன்று நான் ரேம்பில், அதாவது விமானங்கள் நிறுத்தப்படும் தளத்தில், வேலை செய்கிறேன். வேலை எனக்குப் பிடித்துவிட்டது, முன்னேற்றமும் உண்டு. ஆனால் நகையை மீட்க இரண்டு வருடம் ஆனது, அந்த வேலைக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

தங்கை, பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: "இந்தப் பயிற்சி, டிஸ்பெச்சர் அனுமதிப்பத்திரத்துக்கென அதிகார சபையால் அங்கீகரிக்கப்பட்டதா, அங்கீகாரம் எந்தத் திகதிவரை செல்லுபடியாகும், 90 நாள் மேற்பார்வைப் பணியை எந்த விமான நிறுவனத்தில் ஏற்பாடு செய்வீர்கள்?" தொலைபேசியில் கேட்டால் தேன் ஒழுகப் பதில் சொல்வார்கள். எழுத்தில் கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதிகார சபைக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். கடிதத்துக்கு முத்திரைச் செலவு மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கணக்கிடும்போது போர்டிங்கை மறந்துவிடாதீர்கள். தலவாக்கலையிலிருந்து இந்த வேலைக்குப் போய்வர முடியாது. சீதுவையிலோ நீர்கொழும்பிலோ அறை எடுக்க வேண்டும், அப்பகுதியில் சுதந்திர வர்த்தக வலயத்துப் பிள்ளைகளும் அறை தேடுவதால் வாடகை இறங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கினால் நிறுவனம் வாகனம் அனுப்புமா என்பதையும் நேர்முகத்திலேயே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், ஆண்களாகிய நாங்களும் கேட்கத்தான் செய்கிறோம்.

---

நோர்ட்டன் ஆசிரியர் எழுதியது:

மகள், நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். விமானத்துறையில் வேலை செய்தவன் அல்லன், எனினும் என்னிடம் படித்த இருவர் வளிமண்டலவியல் திணைக்களத்தில் இருப்பதால் ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே தம்பி குறிப்பிட்ட அனுபவ வழியில், விமானங்களை அனுப்பும் அமைப்பொன்றில் வானிலையாளராகச் செய்த சேவையையும், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகச் செய்த சேவையையும் இக்காவோ கணக்கில் எடுக்கிறது. ஆக, இந்த வேலைக்குப் பக்கவாட்டிலும் ஒரு வாசல் உண்டு. கட்டணம் கேட்கும் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமானத்திலிருந்த கருவிகளை மட்டும் நம்பியதால், தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக அறிந்து, மலை நாட்டுக்கு மேலே இருக்கும்போதே தாழ இறங்கினார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு. அக்காலத்தில் நான் பாடசாலை மாணவன். மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவற்றை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்க்க விடவில்லை. ஆனால் பல நாட்கள் தோட்டத்தில் யாரும் உரத்துப் பேசவில்லை என்பது நினைவிருக்கிறது.

இதை இங்கே ஏன் சொல்கிறேனென்றால், நேர்முகப் பரீட்சைகளில் நமது பிள்ளைகள் மலைநாட்டைச் சேர்ந்தவர் என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கண்டிருக்கிறேன். பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. கட்டுநாயக்க ஏறத்தாழக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை ஜெட் விமானமொன்று சில நிமிடங்களில் கடந்துவிடும். கிழக்கிலிருந்து வரும் விமானத்துக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் ஏன் அவ்வளவு என்று கேட்டால், வரைபடத்தைப் பாராமலே விளக்கக்கூடிய பிள்ளை நீங்கள்தான். அதைச் சொல்லுங்கள்.

---

டெக்சஸ் பதுளையான் எழுதியது:

அமெரிக்காவில் நிலைமை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே வழி தலைகீழ். முதலில் அனுமதிச் சான்று, பிறகு வேலை. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிருவாகம் அங்கீகரித்த குறைந்தது 200 மணித்தியாலப் பயிற்சி, 80 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சை, அதன் பின் வாய்மொழி மற்றும் செய்முறைப் பரீட்சை. எழுத்துப் பரீட்சைக்கு 21 வயது போதும், சான்று கையில் கிடைக்க 23 வயதாக வேண்டும். நான் ஐந்தரை வாரத்தில் முடித்தேன். தூங்கிய நேரத்தை எண்ணிச் சொல்லிவிடலாம்.

இங்கு டிஸ்பெச்சருக்கு இவ்வளவு கனம் இருப்பதற்குக் காரணம் சட்டம். ஒரு பறப்புத் தொடங்கும் முன்பும், தாமதப்படுத்தும் போதும், விமானத் தலைவரும் டிஸ்பெச்சரும் கூட்டாகப் பொறுப்பு. இருவரில் ஒருவர் ஒப்பவில்லையென்றால் விமானம் நகராது. கடமை நேரமும் சாதாரணமாகத் தொடர்ச்சியாக 10 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. 1935 இல் செனட்டர் ஒருவர் இறந்த விமான விபத்துக்குப் பின் எழுந்த விவாதம் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது, இந்தச் சான்று அதன் பிள்ளை.

சம்பளம்: பிராந்திய விமான நிறுவனங்களில் ஆரம்பம் மணிக்கு ஏறத்தாழ 20 டொலரைச் சுற்றித்தான். நான் தொடங்கியபோது பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குபவருக்கு என்னைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்பதை மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். அதே வேலை, பெரிய விமான நிறுவனத்தில், சேவை மூப்பின் உச்சப்படியில், வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் டொலரைத் தாண்டும். இடையில் இருப்பது பொறுமை. சேவை மூப்பு ஒரு நிறுவனத்திலிருந்து மற்றதற்குக் கூடவே வராது, மாறும்போது மீண்டும் கடைசி ஆள். தொழிற்சங்க ஒப்பந்தங்களில் சம்பளப் படிகள் வருடவாரியாக அச்சிடப்பட்டிருப்பதால், இங்கே யாரும் சம்பளத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

தங்கைக்கு ஓர் எச்சரிக்கை. இந்த அமெரிக்கச் சான்றை வெளிநாட்டவரும் பெறலாம், வளைகுடாவில் சில நிறுவனங்கள் அதை மதிக்கவும் செய்கின்றன. ஆனால் சான்று கிடைத்தால் இங்கே வேலை செய்யும் உரிமையும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ பொதுவாக இந்த வேலைக்கு அரசு தரும் அனுமதிப்பத்திரமே இல்லை, நிறுவனமே பயிற்றுவித்துக்கொள்ளும். எனவே "உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ்" என்ற விளம்பர வரியைக் கண்டால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

---

மேல்பிரிவு எழுதியது:

அண்ணன்மாருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ரேம்ப்காரன் அண்ணன் சொன்னபடி அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். மறுநாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "நேரில் வாருங்கள், விளக்குகிறோம், இந்த வாரத்துக்குள் பதிந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு" என்றார். எழுத்தில் பதில் தருமாறு கேட்டேன். ஒன்பது நாட்களாகின்றன, இன்னும் வரவில்லை. அப்பாவின் பணம் வங்கியிலேயே இருக்கிறது. அதிகார சபைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இதற்கிடையில் விமான நிறுவனமொன்று பயிலுநர்களுக்கு விண்ணப்பம் கோரியிருப்பதைப் பார்த்தேன். அதில் இரண்டு விடயங்கள் புரியவில்லை. பயிற்சிக்குப் பின் சில வருடங்கள் அங்கேயே வேலை செய்வதாகப் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இரண்டு பிணையாளிகளும் வேண்டுமாம். எனக்குப் பிணை நிற்க யார் இருக்கிறார்கள்? மற்றது, எனது பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இது ஒரு தடையாகுமா?

---

ஐந்தரைமணி எழுதியது:

பிணைமுறியைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் வாசிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்துப் பயிற்சி கொடுக்கிறது, நீங்கள் அனுமதிப்பத்திரம் கிடைத்த மறுமாதமே வளைகுடாவுக்குப் போய்விடக் கூடாது என்று அது எண்ணுவதில் நியாயம் உண்டு. பார்க்க வேண்டியவை இவை. பிணைக்காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, சேர்ந்த நாளிலிருந்தா, அனுமதிப்பத்திரம் கிடைத்த நாளிலிருந்தா? இடையில் விலகினால் முழுத் தொகையும் கட்ட வேண்டுமா, வேலை செய்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டு வருமா? பரீட்சையில் தவறினால், அல்லது நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் என்னவாகும்? எனது பிணைமுறியில் காலம் அனுமதிப்பத்திரத் திகதியிலிருந்து தொடங்கியது. அந்த ஒரு வரியைக் கவனிக்காததால் எனக்கு ஏழு மாதம் கூடுதலாகப் போனது.

பிணையாளிகளுக்கு நிரந்தர வருமானம் உள்ளவர்களைக் கேட்பார்கள். எனக்கு நின்றவர்களில் ஒருவர் என் பாடசாலை அதிபர், மற்றவர் தபாலகத்தில் வேலை செய்த பெரியப்பா. தோட்டத்தில் ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் முன்பைவிட அதிகம் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். எதற்குப் பிணை நிற்கிறார்கள் என்பதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பெயர் விடயத்தை மட்டும் இன்றைக்கே தொடங்குங்கள். வேலை கிடைத்தாலும் விமான நிலைய அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாது. அதற்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை என்று பின்னணியைத் தேடிப் பார்ப்பார்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில் ஓர் எழுத்து மாறியிருப்பது நமக்குச் சாதாரணம், ஆனால் பரிசோதிக்கும் அதிகாரிக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்கள். என்னோடு தெரிவான லிந்துலைப் பையன் ஒருவனுக்கு இதனாலேயே அட்டை தாமதமாகி, அவனுடைய 90 நாட்கள் எங்கள் எல்லோருக்கும் பிறகுதான் எண்ணத் தொடங்கின. அவ்வளவு காலமும் அவன் பயிலுநர் உதவித்தொகையிலேயே இருந்தான்.

நுவரெலியாவில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, அம்மாவோடு பதிந்த திருமணச் சான்றிதழ், நீங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்த பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டுப் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எந்த எழுத்தைத் திருத்துவது என்பதைப் பிறப்புச் சான்றிதழை வைத்து முடிவு செய்துவிட்டு, அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி முன்னால் வந்துவிட்டால், இப்போதுள்ள அடையாள அட்டையில் இருக்கிறபடியே பெயரை எழுதி, திருத்தத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து அனுப்புங்கள்.